5,000 ரூபாய்க்குள் ஆம்ப்ளிஃபயருக்கு நல்ல பவர் கார்டு எது?

மலைக்கோட்டை மாடிவாசி:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் வாடகை வீடு, மாடிப் போர்ஷன். ஹாலில் ஒரு சின்ன செட் வைத்திருக்கிறேன். 50 வாட் இன்டகிரேட்டட் ஆம்ப், சிடி பிளேயர், ஒரு டாக் (டிஜிட்டல் சத்தத்தை ஆம்ப் வாங்கிக்கொள்ளும்படி மாற்றிக் கொடுக்கும் பெட்டி), இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ஆம்ப் மட்டும் கடையில் வாங்கியதில்லை, ஜெர்மனியில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா கொடுத்தது. அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது.

ஸ்பீக்கர் ஒயர், ஆர்சிஏ ஒயர் எல்லாம் ஓரளவு நல்லதாக மாற்றிவிட்டேன். மிச்சம் பவர் கார்டுதான். ஆம்போடு வந்த கார்டு மெலிசாக இருக்கிறது. அதன் முனையில் ஜெர்மன்காரர்களின் அந்த உருண்டைத் தலை பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒரு யூனிவர்சல் அடாப்டர் போட்டு அதில் செருகியிருக்கிறேன். யூடியூபில் பார்த்தால் கார்டை மாற்றியதும் பேஸ் இறுகிவிட்டது, பாடகர் எதிரே வந்து நின்றார் என்கிறார்கள். சரி, நாமும் மாற்றலாம் என்று விசாரித்தேன்.

சென்னையில் ஒரு கடையில் 7,000 சொல்கிறார்கள். ஆன்லைனில் 4,200க்கு ஒன்று இருக்கிறது. பாம்பு மாதிரிப் பின்னல் உறை, தங்க முலாம் பூசிய பின், ஆக்சிஜன் இல்லாத செம்பு என்று போட்டிருக்கிறது. ஆனால் பிளக் அமெரிக்க மாடல், தட்டைப் பின். நண்பன் ஒருவன் 250 ரூபாய் கம்ப்யூட்டர் கார்டு போதும்டா என்கிறான். என் பட்ஜெட் 5,000. சிடி பிளேயருக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். அதில் இருப்பது பழைய டேப்ரிக்கார்டரில் வருமே, எட்டு மாதிரியான முனை, அது.

இன்னொன்று. டிவியின் கேபிள் செட்டாப் பாக்ஸை ஆம்பில் இணைத்தால் மெல்லிய உறுமல் வருகிறது. தடிமனான கார்டு போட்டால் இது போகுமா?

சொல்ல மறந்துவிட்டேன், ஆம்பின் மூடி மேல் புறங்கையால் தடவினால் சொரசொரவென்று அதிர்வது போல இருக்கிறது. தூசு துடைக்கும்போது ஷாக் அடிக்கிறது என்று அம்மா சொல்கிறார். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை.


சில்வர் டிஸ்க்:

நண்பரே, 7,000 கார்டை எடுங்கள். நான் என் செட்டில் போன தீபாவளிக்கு மாற்றினேன். பின்னணி இருட்டாகிவிட்டது, மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தனியாகக் கேட்கிறது. இதை அளந்து காட்டு என்று கேட்பவர்களிடம் எனக்குப் பதில் இல்லை, காதுதான் பதில். பட்ஜெட் இடித்தால் அந்த 4,200 கார்டும் மோசமில்லை, அடாப்டர் போட்டுக்கொள்ளலாம். புதுக் கார்டு நன்றாக ஓடிப் பழகியதும்தான் முழுச் சத்தம் வரும், அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.


மைக்செட் காலத்து ஆள்:

தம்பி, நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஷாக் அடிக்கிறது என்றால் கார்டு எது என்பதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அதைச் சரிபாருங்கள். அதுவரை ஆம்பை பிளக்கிலிருந்து கழற்றி வையுங்கள்.

நான் கோயம்புத்தூரில் மைக்செட் ஆம்ப் சர்வீஸ் செய்தவன். அஹுஜா ஆம்ப் எத்தனை மேசைக்கு வந்தது என்று கணக்கில்லை. வீட்டு ஆம்பும் வரும். அதில் பாதிப் புகார் ஆம்பில் இருக்காது, சுவரில் இருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மன் பிளக்கில் எர்த், நம் ஊர் மாதிரி மூன்றாவது பின்னாக இருக்காது. உருண்டைத் தலையின் இரண்டு ஓரத்திலும் ஒரு தகடு இருக்கும், அதுதான் எர்த். அவர்கள் ஊர் சாக்கெட்டில் அதற்கு எதிராக இரண்டு கிளிப் இருக்கும். நம் ஊர் சாக்கெட்டிலோ சாதாரண யூனிவர்சல் அடாப்டரிலோ அந்த கிளிப் கிடையாது. ஆக ஃபேஸும் நியூட்ரலும் போகும், எர்த் போகாது. ஆம்ப் ஓடும், பாட்டு பாடும், மூடிக்கு மட்டும் எர்த் இருக்காது. இன்னொரு கோளாறும் உண்டு. ஜெர்மன் பின் 4.8 மி.மீ. கனம், நம் 6 ஆம்பியர் பிளக் டாப்பின் பின் 5.1 மி.மீ. இடைவெளி ஒன்றுதான் என்பதால் உள்ளே போய்விடும், ஆனால் இறுக்கமாகப் பிடிக்காது. லேசாக ஆடினாலும் உள்ளே பொறி அடிக்கும், நாளாவட்டத்தில் கருகும். அடாப்டரைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பாருங்கள், கருகிய பிளாஸ்டிக் வாடை அடித்தால் குப்பையில் போடுங்கள்.

அந்த அமெரிக்க பிளக் கார்டு வேண்டவே வேண்டாம். அந்தத் தட்டைப் பின் பிளக்குகள் அவர்களுடைய 120 வோல்ட்டுக்காகச் செய்தவை. பிளக்கின் முகத்தில் 15ஏ 125வி என்று பொறித்திருக்கும், பாருங்கள். தங்க முலாம் பூசினாலும் அந்த எண் மாறாது. அதற்கு ஓர் அடாப்டர், அந்த அடாப்டருக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 4,200 கொடுத்து நடுவில் இரண்டு லூஸ் கனெக்‌ஷன் வாங்கிய மாதிரி ஆகும்.

தடிமன் பற்றிக் கேட்டீர்கள். 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 26 ஓம். இரண்டு மீட்டர் கார்டு என்றால் போக வர நான்கு மீட்டர், அதாவது 0.1 ஓம். உங்கள் 50 வாட் ஆம்ப் நன்றாக அலறும்போது ஒரு ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால் கார்டில் விழுவது 0.1 வோல்ட். அதையே 1.5 ஸ்கொயருக்கு மாற்றினால் 0.05 வோல்ட். டிபி பாக்ஸிலிருந்து, அதாவது வீட்டின் மெயின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து, உங்கள் ஹால் வரைக்கும் சுவருக்குள் 20 மீட்டர் ஒயர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது 1.5 ஸ்கொயராகவே இருந்தாலும் போக வரக் கிட்டத்தட்ட அரை ஓம். அதற்கு அப்பால் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் தெருக் கம்பி. கடைசி இரண்டு மீட்டரில் 7,000 ரூபாயைக் கொட்டி மிச்சம் பிடிப்பது இருபதில் ஒரு பங்கு ஓம். ஆடி மாதத்தில் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் சீரியல் செட் போட்டால் உங்கள் வீட்டு வோல்டேஜ் ஐந்தாறு குறையும். அப்போதும் ஆம்ப் பாடிக்கொண்டுதான் இருக்கும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கெப்பாசிட்டரும் இருப்பது அதற்காகத்தான்.

சரி, கார்டே மாற்ற வேண்டாமா? மாற்ற வேண்டும். காரணம் சத்தம் இல்லை. நம் ஊர் பிளக் டாப்போடு, எர்த் உள்ள, இறுக்கமாகப் பிடிக்கிற கார்டு வேண்டும், அதற்காக. ஆம்பின் பின்னால் கம்ப்யூட்டர் மாதிரி மூன்று பின் குழி இருந்தால் அது சி14, அதில் போகும் முனை சி13. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, உறையில் 1.0 அல்லது 1.5 ஸ்கொயர் என்று அச்சிட்ட மோல்டட் கார்டு கிடைத்தால் அதுவே போதும். உங்கள் நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், 250 ரூபாய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் இருந்தால் சரி. அசெம்பிள்டு கம்ப்யூட்டரோடு இலவசமாக வரும் கார்டுகளில் உறை தடியாக இருக்கும், செம்பு நூல் மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு முனையை வெட்டிக் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். காந்தம் ஒட்டினால் இரும்பு.

கையால் செய்து பார்க்க ஆசை என்றால் 1.5 ஸ்கொயர், மூன்று கோர் ஃப்ளெக்சிபிள் ஒயர் இரண்டு மீட்டர் வாங்குங்கள். எங்கள் ஊரில் மீட்டர் நூறு ரூபாய்க்கு முன்பின். ஸ்க்ரூ வைத்த சி13 முனை ஒன்று, 16 ஆம்பியர் பிளக் டாப் ஒன்று. ஐநூறு அறுநூறு ரூபாயில் முடியும். பச்சை அல்லது பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த், அது பெரிய பின்னுக்கு. அந்த ஒயரை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள். யாராவது கார்டில் கால் தடுக்கி இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் கழல வேண்டும். ஸ்க்ரூவுக்குள் போகும் முனையில் ஈயம் வைக்காதீர்கள். பையன்கள் நிறையப் பேர் நேர்த்தியாக இருக்கிறது என்று ஈயம் வைத்து முறுக்குவார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்லத் தணிந்துவிடும், ஆறு மாதத்தில் ஸ்க்ரூ லூஸ். ஒயர் முனையில் மாட்டும் சின்ன உலோக முனை, பின் லக் என்பார்கள், அதைப் போட்டு நசுக்கிக் கிரிம்ப் செய்யுங்கள். பிளக் டாப்புக்குள் ஒயரைப் பிடிக்க ஒரு பட்டி இருக்கும், அது வெளி உறையைக் கடிக்க வேண்டும், உள் ஒயர்களை அல்ல.

சிடி பிளேயரின் எட்டு முனைக் கார்டைத் தொடாதீர்கள். அது எர்த் தேவையில்லாதபடி இரட்டை இன்சுலேஷனோடு செய்த பொருள். அதற்குத் தடிக் கார்டு போட்டால் அதன் எடையிலேயே பின்னால் இருந்து நழுவி விழும்.

இதெல்லாம் வாங்கும் முன் ஒரு மல்டிமீட்டர் எடுத்து, ஹாலில் இருக்கும் பிளக் பாயிண்டில் மூன்று அளவு எடுத்து இங்கே போடுங்கள். ஏசி வோல்ட்டில் வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். மீட்டர் பழக்கமில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள், கூச்சப்பட வேண்டாம்.


ஈஸ்ட்ஹாம் வாசி:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லண்டனில் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். கார்டின் கனத்துக்கு ஏற்ப 3, 5, 13 ஆம்பியர் என்று போடுவோம். இங்கே அந்த ஃபியூஸையும் தங்கம், வெள்ளி என்று பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்கள், அது தனிக் கூத்து. ஊருக்கு வரும்போது இங்கிருந்து சிலர் நல்ல கார்டு என்று வாங்கி வந்து தருவார்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வருவதும் இதே சதுரப் பின் பிளக்தான். அடாப்டரில் எர்த் உண்மையிலேயே உள்ளே இணைந்திருக்கிறதா என்று மீட்டரில் பார்க்காமல் போடாதீர்கள். சில அடாப்டரில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரம்.


மலைக்கோட்டை மாடிவாசி:

அண்ணே, ரொம்ப நன்றி. அடாப்டரைக் கழற்றினேன், ஒரு ஓட்டை ஓரம் பழுப்பாகியிருந்தது. எறிந்தாயிற்று. பக்கத்து வீட்டில் மீட்டர் வாங்கி அளந்தேன்.

ஹால் பாயிண்ட்: ஃபேஸ் நியூட்ரல் 236. ஃபேஸ் எர்த் 118, அதுவும் நிற்காமல் ஏறி இறங்குகிறது. நியூட்ரல் எர்த் 90 பக்கம்.

சமையலறையில் கிரைண்டர் போடும் பெரிய பாயிண்ட்: 236, 235, 1.4.

இதற்கு என்ன அர்த்தம்?


மைக்செட் காலத்து ஆள்:

சமையலறையில் எர்த் நன்றாக இருக்கிறது. ஹாலில் எர்த்தே இல்லை. ஓட்டை மட்டும் இருக்கிறது, பின்னால் ஒயர் இல்லை அல்லது அறுந்திருக்கிறது. பழைய வீடுகளில் ஃபேன், லைட் போர்டோடு சேர்ந்து வரும் பாயிண்டுக்கு இரண்டு ஒயர் மட்டும் இழுத்துவிட்டு, மூன்று ஓட்டை சாக்கெட்டை மாட்டிவிடுவார்கள். எங்கும் சேராத ஒயரில் மீட்டரை வைத்தால் இந்த மாதிரி அரைகுறை வோல்ட் காட்டும்.

அம்மாவுக்கு அடித்ததும் இதனால்தான் இருக்க வேண்டும். ஆம்புக்குள் கரண்ட் வரும் இடத்தில் ஃபில்டர் கெப்பாசிட்டர் இருந்தால் அதிலிருந்து மூடிக்குக் கொஞ்சம் கசியும். டிரான்ஸ்ஃபார்மரிலும் கொஞ்சம் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் மூடியிலேயே நிற்கும். கசிவு சின்னதுதான். ஆனால் நாளைக்கு உள்ளே ஃபேஸ் ஒயர் கழன்று மூடியைத் தொட்டால் எர்த் இல்லாத வீட்டில் ஃபியூஸ் போகாது, ஆள்தான் அகப்படுவார். அதனால் 5,000ல் முதல் செலவு இதற்கு. வீட்டுக்காரரிடம் பேசுங்கள். சுவரை உடைக்க வேண்டாம், டிபி பாக்ஸிலிருந்து தரை ஓரமாகக் கேசிங் கேப்பிங் (ஒயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) போட்டு ஒரு தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று வைத்தால் ஒரு அரை நாள் வேலை. லைனுக்கு 2.5 ஸ்கொயர் போடச் சொல்லுங்கள். டிபியில் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், இல்லை என்றால் அதையும் கேளுங்கள், 30 மில்லி ஆம்பியர்.

சில்வர் டிஸ்க் சாருக்கு ஒன்று. உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை. ஒரு சோதனை மட்டும் செய்து பாருங்கள். வீட்டில் யாரையாவது கார்டை மாற்றச் சொல்லுங்கள். சிலமுறை மாற்றுவது போலப் பாவனை செய்துவிட்டு அதையே திரும்பச் செருகட்டும். வால்யூம் குமிழைத் தொடக் கூடாது, நீங்கள் ஆம்பின் பின்னால் பார்க்கக் கூடாது. எது எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக் கடைசியில் ஒப்பிடுங்கள். தொப்பிப் பக்கம் அப்போதும் தனியாகக் கேட்டால் எங்களுக்குச் சொல்லுங்கள்.


சில்வர் டிஸ்க்:

பார்க்கலாம் சார். கார்டை மாற்ற ஆம்பை அணைக்க வேண்டும், திரும்பப் போட்டு அது சூடாவதற்குள் முந்தைய சத்தம் மறந்துவிடுகிறது. இப்படிச் சோதித்தால் எதுவும் தெரியாதுதான்.


மைக்செட் காலத்து ஆள்:

அதே மறதி உங்கள் தீபாவளிக் கார்டுக்கும் பொருந்தும் அல்லவா சார்!


மலைக்கோட்டை மாடிவாசி:

அப்டேட். வீட்டுக்காரர் முதலில் இழுத்தார், அம்மா ஷாக் விஷயத்தைச் சொன்னதும் பாதிச் செலவு ஏற்றுக்கொண்டார். வயர்மேன் ஹால் போர்டைக் கழற்றிக் காட்டினார், எர்த் டெர்மினலில் ஒயரே இல்லை, ஸ்க்ரூ புதிதாக மினுங்குகிறது. தனி லைன் இழுத்தாயிற்று. ஆர்சிசிபியும் வைத்தாயிற்று. புதுப் பாயிண்டில் ஃபேஸ் எர்த் 235, நியூட்ரல் எர்த் 1.2. கார்டு நானே செய்தேன், பின் லக்கோடு. மூடியில் சொரசொரப்பு சுத்தமாகப் போய்விட்டது.

ஆனால் செட்டாப் பாக்ஸை இணைத்தால் உறுமல் இப்போது முன்னைவிட அதிகம்! எர்த் போட்டால் குறைய வேண்டாமா?


மைக்செட் காலத்து ஆள்:

கூடும், எதிர்பார்த்ததுதான். கேபிள்காரர் இழுத்து வந்த கோஆக்சியல் ஒயரின் வெளிப்பின்னல் தெருவில் எங்கேயோ மண்ணைத் தொடுகிறது. உங்கள் ஆம்ப் இப்போது உங்கள் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு மண்ணும் ஒரே வோல்ட்டில் இருப்பதில்லை. ஆர்சிஏ ஒயரின் உறை வழியாக இரண்டும் சேர்ந்ததும் அதில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது, ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெருக்குகிறது. உறுதி செய்ய, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை மட்டும் திருகிக் கழற்றுங்கள். உறுமல் நின்றால் அதுதான்.

இதற்குச் சிலர் பிளக் டாப்பில் எர்த் பின்னை வெட்டிவிடுவார்கள். உறுமல் போகும், எர்த்தும் போகும். எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

உங்களிடம் டாக் இருக்கிறது என்றீர்களே. அதில் ஆப்டிகல் இன்புட் இருக்கிறதா? டிவியின் பின்னால் ஆப்டிகல் அவுட் இருக்கும், சின்னக் கதவு மாதிரி, உள்ளே சிவப்பு வெளிச்சம் தெரியும். செட்டாப் பாக்ஸ் சத்தம் எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குப் போகட்டும், டிவியிலிருந்து ஆப்டிகல் ஒயரில் டாக்குக்கு வரட்டும். அந்த ஒயருக்குள் வெளிச்சம்தான் போகிறது, செம்பு இல்லை, இரண்டு மண்ணும் சந்திக்க வழியில்லை. சாதாரண ஒயர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டிவி மெனுவில் ஆடியோவைப் பிசிஎம் என்று வையுங்கள், இல்லையென்றால் டாக் ஊமையாகிவிடும்.


மலைக்கோட்டை மாடிவாசி:

கேபிளைக் கழற்றியதும் உறுமல் பட்டென்று நின்றது. ஆப்டிகல் போட்டேன். பிசிஎம் விஷயம் சொல்லாமல் விட்டிருந்தால் டாக் போய்விட்டது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன். இப்போது வால்யூமை முக்கால் வரை திறந்து ட்வீட்டரில் காதை வைத்தால் மட்டும் லேசாக உஸ் என்கிறது.

ஒன்று மட்டும் மிச்சம். இரவில் ஃபேனைக் குறைத்து வைத்தால் ஸ்பீக்கரில் கிர்ர் என்று ஒன்று வருகிறது. முழு வேகத்தில் வைத்தால் இல்லை. இதற்கு ஷீல்டு போட்ட கார்டு வேண்டுமா?


மைக்செட் காலத்து ஆள்:

வேண்டாம் தம்பி. அது உங்கள் ஃபேன் ரெகுலேட்டர். குமிழ் தடையில்லாமல் வழவழவென்று சுற்றுகிறதா, இல்லை ஒவ்வொரு படியாக டக் டக் என்று நிற்கிறதா? வழவழ ரகம் என்றால் உள்ளே டிரையாக் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது, ஒவ்வொரு அரை அலையிலும் கரண்டை வெட்டி வெட்டி விடும், வெட்டும் இடத்தில் கிர்ர். படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர் ஒன்று வாங்கி மாற்றச் சொல்லுங்கள். முந்நூறு நானூறு ஆகும். இன்வெர்ட்டர் வாங்கும் எண்ணம் இருந்தால் சைன் வேவ் மட்டும் வாங்குங்கள், ஸ்கொயர் வேவில் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மர் முனகும்.

பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் ஹாலுக்கு ஒரு கெட்டியான திரைச்சீலையும் தரைக்கு ஒரு ஜமுக்காளமும் வாங்குங்கள். மொசைக் தரை, வெறும் சுவர் என்றால் எதிரொலிதான் பாதிப் பாட்டைத் தின்கிறது.


மலைக்கோட்டை மாடிவாசி:

வழவழ ரகம்தான் அண்ணே. நாளைக்கே மாற்றச் சொல்கிறேன். ஜமுக்காளத்துக்கு அம்மா ஏற்கெனவே பவானிக்கு ஆள் அனுப்பத் தயாராகிவிட்டார்.